வெள்ளையணுச் சவ்வின் கொழுப்பை அளக்கும்போது: தர்மபுரி ஆய்வகத்துக்கான கைப்பாடங்கள்

நோய் எதிர்ப்பு வெள்ளையணுவான டி செல்லின் சவ்வில் கொலஸ்ட்ரால் எவ்வளவு என்று யாராவது கேட்டால், முதலில் திருப்பிக் கேட்க வேண்டியது: எதற்கு எவ்வளவு? ஒரு செல்லுக்கா, சவ்வின் முதன்மைக் கொழுப்பான பாஸ்போலிப்பிடின் ஒரு மோலுக்கா, ஒரு மில்லிகிராம் புரதத்துக்கா? ஓய்விலிருக்கும் லிம்போசைட்டின் (டி செல் சேர்ந்த வெள்ளையணு வகை) விட்டம் ஏறத்தாழ 7 மைக்ரான். தூண்டிவிட்டு இரண்டு மூன்று நாள் வளர்த்தால் 11 மைக்ரான் வரை பெருக்கும். உருண்டை என்று வைத்துக் கணக்குப் போட்டால் மேற்பரப்பு மட்டும் ஏறக்குறைய இரண்டரை மடங்கு. அப்போது 'ஒரு செல்லுக்கு கொலஸ்ட்ரால் இரண்டரை மடங்கு' என்று வரைபடம் போட்டால், செல் பெருத்தது என்ற செய்திதான் அதில் இருக்கும். சவ்வு மாறியதா என்பதைக் கொலஸ்ட்ராலுக்கும் பாஸ்போலிப்பிடுக்கும் உள்ள மோலார் விகிதம்தான் சொல்லும். ஆகவே எந்த முறையில் அளந்தாலும் செல் எண்ணிக்கை, பாஸ்போலிப்பிட் இரண்டையும் கூடவே அளந்து வைப்பது கட்டாயம்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் இந்த வேலையில் இறங்க நினைக்கிற மாணவர்கள் பெரும்பாலும் மூலக்கூறுகளை நிறையால் அடையாளம் காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் இல்லையே என்று தயங்குகிறார்கள். அந்தக் கருவி பெங்களூரில் இருக்கிறது. தேசிய நெடுஞ்சாலை 44-இல் மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஆனால் கருவியில் வரப்போகும் எண்ணின் தரம் ரத்தம் எடுத்ததிலிருந்து காய்ந்த சாறு கண்ணாடிக் குப்பியில் அடைபடும் வரை உள்ள வேலையில்தான் இருக்கிறது. அந்த வேலை முழுவதையும் இங்கேயே செய்யலாம். உடலின் எதிர்ப்பாற்றல் உடலையே தாக்கும் லூபஸ் நோயாளிகளின் சிடி4 வகை டி செல்களில் கிளைக்கோஸ்பிங்கோலிப்பிடுகள் (சர்க்கரை இணைந்த சவ்வுக் கொழுப்புகள்) கூடியிருப்பதும், அதைச் சீராக்கினால் செல்லின் சமிக்ஞைகள் ஓரளவு சரியாவதும் ஏற்கெனவே காட்டப்பட்ட விஷயம். அந்த மாதிரிக் கேள்விகளை நம் ஊர் நோயாளிகளிடம் கேட்கத் தேவையானவை ஒரு நல்ல சென்ட்ரிஃப்யூஜும் சுத்தமான கண்ணாடியும் பொறுமையும்தான். நெறிமுறைக் குழுவின் அனுமதி வந்த பிறகு ஊசியைத் தொடுவது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ரத்தத்திலிருந்து தொடங்குவோம். பென்னாகரத்திலோ அரூரிலோ முகாம் போட்டு எடுத்த ரத்தத்தை ஐஸில் வைத்துக் கொண்டுவரும் பழக்கம் நல்லெண்ணத்தில் வந்தது. இந்த வேலைக்கு ஆகாது. குளிரில் தட்டணுக்கள் தூண்டப்பட்டு வெள்ளையணுக்களோடு ஒட்டிக்கொள்ளும், ஃபிக்கால் என்ற அடர்திரவத்தின் மேல் சுழற்றிச் செல்களைப் பிரிப்பதும் கெடும். 18 முதல் 25 டிகிரிக்குள் வைத்து, அன்றைக்கே, முடிந்தால் 4 மணி நேரத்துக்குள் பிரித்துவிட வேண்டும். மே மாதம் பஸ்ஸில் கொண்டுவந்தால் பெட்டிக்குள் 38 டிகிரி சாதாரணமாக ஏறும். 20 டிகிரிக்குப் பதப்படுத்திய ஜெல் பைகளைத் தெர்மோகோல் பெட்டியில் சுற்றி அடுக்கினால் போதும். சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் எடுத்த ரத்தத்தில் பிளாஸ்மா பால்போல் கலங்கியிருக்கும். அந்தக் கொழுப்புத் துளிகள் செல்லோடு ஒட்டி வரும் என்பதால் வெறும் வயிற்றில் எடுப்பதே நல்லது.

ஃபிக்காலின் அடர்த்தி 1.077 என்பது 20 டிகிரிக்கான எண். அறை 33 டிகிரியில் இருக்க, குளிரூட்டி இல்லாத சென்ட்ரிஃப்யூஜில் சுழற்றினால் திரவத்தின் அடர்த்தி இறங்கும். லிம்போசைட்டுகளில் ஒரு பகுதி சிவப்பணுக்களோடு கீழே போய்விடும். ஏப்ரலில் செல் விளைச்சல் குறைந்து டிசம்பரில் கூடுகிறது என்றால் நோயாளியைச் சந்தேகிக்கும் முன் வெப்பமானியைப் பார்க்க வேண்டும். 50 மி.லி. ட்யூபில் 15 மி.லி. ஃபிக்கால், மேலே சரிபாதி பி.பி.எஸ். (பாஸ்பேட் உள்ள உப்புநீர்) கலந்த ரத்தம் 30 மி.லி., 400 ஜி-இல் 30 நிமிடம், பிரேக் போடாமல். நடுவில் பாலாடை போல் நிற்கும் மெல்லிய வளையத்தை மட்டும் எடுக்க வேண்டும். ஆசைப்பட்டுக் கீழே உள்ள ஃபிக்காலையும் உறிஞ்சினால் கிரானுலோசைட்டுகள் என்ற வேறு வெள்ளையணுக்கள் சேர்ந்து வரும்.

அடுத்ததுதான் பலரும் அவசரமாகக் கடக்கிற கட்டம், நிதானிக்க வேண்டியதும் அங்கேதான். ஃப்ளோ சைட்டோமெட்ரியில் (செல்களை ஒவ்வொன்றாக லேசர் வழியே ஓட்டி அளக்கும் முறை) தட்டணுவையும் சிவப்பணுவையும் கேட் போட்டு, அதாவது எல்லை வரைந்து, விலக்கிவிடலாம். லிப்பிட் சாறு எடுக்கும்போது அந்த வசதி கிடையாது. ட்யூபில் இருப்பதெல்லாம் குளோரோஃபார்மில் கரையும். ஒரு சிவப்பணுவின் மேற்பரப்பு சுமார் 140 சதுர மைக்ரான். 7 மைக்ரான் லிம்போசைட்டை மொழுமொழுவென்ற உருண்டையாக எடுத்துக்கொண்டால் அதன் மேற்பரப்பு 154. அதாவது ஒரு லிம்போசைட்டுக்கு ஒரு சிவப்பணு என்ற அளவில் கலந்திருந்தால், அளக்கிற புறச்சவ்வில் கிட்டத்தட்ட பாதி சிவப்பணுவுடையது. இளஞ்சிவப்பாகத் தெரிகிற பெல்லட்டை (அடியில் படிந்த செல் திரளை) அப்படியே சாறெடுக்கக் கூடாது. அம்மோனியம் குளோரைடு கரைசலில் 2, 3 நிமிடம் வைத்தால் சிவப்பணு உடையும், ஆனால் ஹீமோகுளோபின் போனாலும் அதன் வெற்றுச் சவ்வு அங்கேயே மிதக்கும். நிறம் போய்விட்டது என்று திருப்திப்பட்டால் ஏமாற்றம்தான். உடைத்த பிறகு 200 ஜி-இல் 10 நிமிடம் என்று மெதுவாக மூன்று தடவை கழுவ வேண்டும்: வெள்ளையணு கீழே இறங்கும், சவ்வுத் துணுக்குகளும் தட்டணுக்களும் மேலே தங்கி வடிந்து போகும். தட்டணுவில் அரக்கிடோனிக் அமிலம் தாராளம். அது கலந்தால் 20:4 (20 கார்பன், 4 இரட்டைப் பிணைப்பு என்ற அதன் குறியீடு) உள்ள லிப்பிடுகள் பொய்யாக உயரும்.

ஃபிக்கால் வளையத்தில் கிடைக்கும் பி.பி.எம்.சி. (ஒற்றை உட்கரு வெள்ளையணுக்கள்) என்கிற கலவையை அப்படியே அளப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. மோனோசைட்டும் டி செல்லும் பருமனிலும் லிப்பிட் அமைப்பிலும் வேறு வேறு. காய்ச்சலில் இருக்கிறவரிடம் மோனோசைட் விகிதம் கூடியிருந்தால் கலவையின் லிப்பிடும் மாறும். எந்தச் செல்லின் சவ்வும் மாறாமலேயே 'மாற்றம்' தெரியும். டி செல்லைப் பிரிக்கும்போது, வேண்டாத செல்களில் காந்த மணிகளை ஒட்டி விலக்கும் எதிர்மறைத் தேர்வே நல்லது. வேண்டிய செல்லிலேயே ஆன்டிபாடியை ஒட்டினால் ஏற்பிகள் குறுக்குப் பிணைப்புக்குள்ளாகி சவ்வு தூண்டப்படும். 1 மி.லி. ரத்தத்தில் 10 லட்சம் பி.பி.எம்.சி., நல்ல நாளில் 20 லட்சம். அதில் பாதிக்கு மேல் டி செல். 1 கோடி டி செல் வேண்டுமென்றால் 20 மி.லி. ரத்தம் கேட்டு வாங்கிக்கொள்வது பாதுகாப்பு.

ஏன் 1 கோடி? ஒரு சிறு செல்லின் புறச்சவ்வில் சுமார் 100 கோடி லிப்பிட் மூலக்கூறுகள். 1 கோடி செல் என்றால் 16, 17 நேனோமோல். எடையில் 10 மைக்ரோகிராம் அளவுக்கு வரும். உட்சவ்வுகளையும் சேர்த்தால் இன்னும் கூடும். சாதாரண நிறமானி முறைகள் நம்பகமாகக் காட்டும் கீழ்வரம்பும் அந்த 10 மைக்ரோகிராம் பக்கம்தான். 10 லட்சம் செல்லை வைத்துக்கொண்டு நிறமானியில் மோதுவது வீண். அந்த அளவுக்கு மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரே வழி. எண்ணுவதில் கஞ்சத்தனம் கூடாது: இறந்த செல்லை மட்டும் நிறமேற்றும் டிரிபான் நீலம் போட்டு நியூபவர் எண்ணும் தட்டில் குறைந்தது 200 செல் எண்ணினால் எண்ணிக்கைப் பிழை 7 சதவீதம், 50 எண்ணினால் 14. செல்கள் கட்டி கட்டியாக இருந்தால் எண்ணிக்கையை நம்பாமல் டி.என்.ஏ.-வை அளக்கலாம். பிரியத் தொடங்காத மனித செல்லுக்கு சுமார் 6.6 பிக்கோகிராம் என்பது மாறாத எண்.

கடைசிக் கழுவலில் பி.பி.எஸ்.-ஐ விட்டுவிட வேண்டும். அதிலுள்ள பாஸ்பேட் பின்னால் பாஸ்பரஸ் அளக்கும்போது முழுக் கணக்கையும் கெடுக்கும். 0.9 சதவீத உப்புநீரோ, மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்குப் போகிறதென்றால் 150 மில்லிமோலார் அம்மோனியம் பைகார்பனேட்டோ போதும். பெல்லட்டை இரண்டு சம பங்காகப் பிரித்து ஒன்றை மைனஸ் 80-இல் வைத்துவிடுங்கள். அதன் தேவை கடைசியில் வரும்.

சாறெடுப்பதற்கு இரண்டு பாதைகள். 1959-இல் பிளை, டையர் இருவரும் வெளியிட்ட குளோரோஃபார்ம் முறை இன்றும் அசைக்க முடியாத அளவுகோல். செல்களைத் தண்ணீரோடு சேர்த்து 0.8 மி.லி. ஆக்குங்கள். 2 மி.லி. மெத்தனால், 1 மி.லி. குளோரோஃபார்ம் சேர்த்துக் கலக்கி 15 நிமிடம் ஐஸில். இந்த நேரத்தில் ட்யூபில் ஒரே திரவமாக இருக்க வேண்டும், அடுக்கு தெரியக் கூடாது. தெரிந்தால் பெல்லட்டின் மேல் நின்ற நீரைக் கணக்கில் சேர்க்கவில்லை என்று அர்த்தம். 0.2 மி.லி. கூடுதல் நீர்கூட விகிதத்தைத் தள்ளிவிடும். ஒரே திரவமாகும் வரை மெத்தனாலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, விட்ட அளவைக் குறித்துக்கொண்டு மேலே போகலாம். பிறகு 1 மி.லி. குளோரோஃபார்ம், 1 மி.லி. தண்ணீர், 1000 ஜி-இல் 5 நிமிடம். நடுவில் புரதம் வெள்ளைத் தட்டாக நிற்கும். கண்ணாடிப் பாஸ்டர் பிப்பெட்டின் நுனியிலிருந்து காற்றுக் குமிழை மெல்ல விட்டுக்கொண்டே தட்டைத் துளைத்துக் கீழே இறக்கி, கீழ் அடுக்கை எடுக்க வேண்டும். மீதிக்கு இன்னொரு 2 மி.லி. குளோரோஃபார்ம் விட்டு மறுபடி எடுத்து இரண்டையும் சேர்த்துவிடுங்கள்.

இந்தக் கீழ் அடுக்கில் ஜி.எம்.1 போன்ற கேங்லியோசைடுகளைத் தேடக் கூடாது. அவற்றின் சர்க்கரைத் தலை பெரியது என்பதால் பெரும்பகுதி மேலேயுள்ள நீர் அடுக்குக்குப் போய்விடும். பாஸ்போஇனோசிடைடுகள் என்ற சமிக்ஞை லிப்பிடுகளுக்காக அமிலம் சேர்ப்பவர்கள் அதே ட்யூபில் பிளாஸ்மலோஜனைப் பார்க்கக் கூடாது. வெள்ளையணுக்களின் எத்தனோலமைன் லிப்பிடுகளில் பிளாஸ்மலோஜன் நிறைய; அமிலம் பட்டால் அதன் வினைல் ஈதர் பிணைப்பு முறிந்துவிடும். ஒரே சாற்றில் எல்லாவற்றையும் அளந்துவிடலாம் என்ற எண்ணத்தைத் தொடக்கத்திலேயே கைவிடுவது நல்லது.

இரண்டாவது, எம்.டி.பி.இ. (மீதைல் டெர்ட்-பியூட்டைல் ஈதர்) என்ற கரைப்பானில் எடுக்கும் முறை: 0.2 மி.லி. மாதிரிக்கு 1.5 மி.லி. மெத்தனால், 5 மி.லி. எம்.டி.பி.இ., ஒரு மணி நேரம் குலுக்கல், 1.25 மி.லி. தண்ணீர், 10 நிமிடம் விட்டு 1000 ஜி. லிப்பிட் மேல் அடுக்கில் நிற்கும், புரதம் அடியில் ஒட்டிக்கொள்ளும். கை பழகாதவர்களுக்கு இதுவே சுலபம், மாதிரிக்கு மாதிரி வேறுபாடும் குறைவு. ஆனால் எம்.டி.பி.இ.-யின் கொதிநிலை 55 டிகிரி, எளிதில் தீப்பிடிக்கும். புகைக்கூண்டு இல்லாத அறையில் இரண்டு முறையுமே வேண்டாம்.

கரைப்பான் தொடும் எதுவும் பிளாஸ்டிக்காக இருக்கக் கூடாது. பாலிஸ்டைரீன் ட்யூப் குளோரோஃபார்மில் கண்ணெதிரே இளகும். உருகாத பிளாஸ்டிக்கும் தாலேட்டையும் வழுக்குப் பொருள்களையும் கசியவிடும். கண்ணாடி ட்யூப், டெஃப்ளான் உள்மூடி. அளக்கக் கண்ணாடி சிரிஞ்ச். குளோரோஃபார்ம் தண்ணீரைவிட ஒன்றரை மடங்கு கனம், ஆவியும் வேகம். பிப்பெட்டில் எடுத்தால் சொட்டிக்கொண்டே வரும், முன்கூட்டி இரண்டு மூன்று தடவை நனைத்த சிரிஞ்சில் சொட்டாது. கண்ணாடி கழுவுவதில் நம் ஊருக்கென்று ஒரு எச்சரிக்கை உண்டு. தர்மபுரி ஆழ்துளைக் கிணற்று நீர் என்றால் எல்லாரும் ஃப்ளோரைடைப் பேசுவார்கள். இந்த வேலைக்கு இடைஞ்சல் கால்சியம்தான். சோப்பு என்பதே கொழுப்பு அமில உப்பு. கடின நீரில் சோப்பு போட்டால் கால்சியம் பால்மிடேட்டும் ஸ்டியரேட்டும் கண்ணாடியில் படலமாக ஒட்டும், அடுத்த சாற்றில் 16:0, 18:0 அமிலங்களாக எட்டிப்பார்க்கும். சோப்பும் பாஸ்பேட்டும் இல்லாத டிடர்ஜென்ட், பிறகு காய்ச்சி வடித்த நீர், மெத்தனால், கடைசியில் குளோரோஃபார்ம் என்ற வரிசையில் கழுவினால் இந்தத் தொல்லை இராது.

சாற்றைக் காயவைக்க நைட்ரஜன் வேண்டும். மீன்தொட்டிக் காற்றுப் பம்பு வைத்து ஊதுவது மலிவு. ஆனால் ஆக்சிஜன் பட்டு இரட்டைப் பிணைப்புகள் கெடும். சிலிண்டர் வாங்கும்போது 99.999 சதவீதத் தூய்மை கேளுங்கள். கரைப்பானிலேயே 0.01 சதவீதம் பி.ஹெச்.டி. (பியூட்டைலேற்றிய ஹைட்ராக்சி டொலுயீன்) கலந்து வைத்தால் ஆக்சிஜனேற்றம் தடுபடும். காய்ந்ததும் உடனே கரைத்துவிடுங்கள், இரவெல்லாம் காய விடாதீர்கள்.

பாஸ்போலிப்பிடை அளக்கப் பெர்க்ளோரிக் அமிலத்தில் 180 டிகிரியில் எரித்து மாலிப்டேட் நீலம் பார்ப்பதே துல்லியம். ஆனால் கரைப்பான் மிச்சமிருக்கும் ட்யூபில் சூடான பெர்க்ளோரிக் அமிலம் வெடிக்கும். அதற்கென்று கழுவு வசதியுள்ள புகைக்கூண்டு இல்லாத ஆய்வகம் இதைத் தொடக்கூடாது என்பதில் எங்களுக்கு இரண்டாம் கருத்து இல்லை. மாற்றாக ஸ்டூவர்ட் முறை இருக்கிறது: 27.03 கிராம் ஃபெர்ரிக் குளோரைடு ஹெக்ஸாஹைட்ரேட்டும் 30.4 கிராம் அம்மோனியம் தயோசயனேட்டும் ஒரு லிட்டரில். லிப்பிட் கரைந்த 2 மி.லி. குளோரோஃபார்மோடு இதில் 2 மி.லி. சேர்த்து 20 விநாடி வேகமாகக் கலக்கி, அடுக்கு பிரிந்ததும் கீழ் அடுக்கை 485 நேனோமீட்டரில் படியுங்கள். கனிம பாஸ்பேட் இதில் குறுக்கிடாது. குறை என்னவென்றால், பாஸ்படிடில்சீரின் என்ற பாஸ்போலிப்பிடை இது சரியாகக் காட்டாது. பாஸ்படிடில்கோலினை ஸ்டாண்டர்டாக வைத்து, மாதிரிகளுக்குள் ஒப்பிட மட்டும் பயன்படுத்தலாம். குவெட் கண்ணாடியிலோ குவார்ட்ஸிலோ இருக்கட்டும்; பிளாஸ்டிக் குவெட் இளகிக் கலங்கும்.

கொலஸ்ட்ராலுக்கு, அதன் அளவுக்கேற்ப ஒளிரும் ஆம்ப்ளெக்ஸ் ரெட் கிட் இந்த அளவுக்குப் பொருத்தம். கிட்டில் கொலஸ்ட்ரால் எஸ்டரை உடைக்கும் எஸ்டரேஸ் நொதியும் கொடுத்திருப்பார்கள். சவ்வைப் பற்றிக் கேட்கும்போது அதைச் சேர்க்காதீர்கள். எஸ்டராக இருப்பது கொழுப்புத் துளிக்குள் கிடப்பது, சவ்வில் இருப்பது எஸ்டராகாத கொலஸ்ட்ரால். இரண்டையும் அறிய விரும்பினால் எஸ்டரேஸ் உள்ள கிணறு, இல்லாத கிணறு இரண்டையும் படித்துக் கழிக்கலாம். துளி குளோரோஃபார்ம் மிச்சமிருந்தாலும் கிட்டின் இன்னொரு நொதியான பெராக்சிடேஸ் தளரும், டி.டி.டி. (டைதயோத்ரைட்டால் என்ற ஒடுக்கி) இருந்தால் நிறமே வராது.

லிப்பிடுகளைத் தட்டில் பிரித்துக் காட்டும் டி.எல்.சி. பற்றிச் சுருக்கமாக: பாஸ்போலிப்பிடுகளுக்குக் குளோரோஃபார்ம், மெத்தனால், தண்ணீர் 65:25:4. ஸ்பிங்கோமைலின் கீழே, அதற்கு மேல் பாஸ்படிடில்கோலின், எத்தனோலமைன் இன்னும் மேலே. தட்டை 110 டிகிரியில் அரை மணி நேரம் உலர்த்திவிட்டு ஓட்டுங்கள். ஈதர் கலந்த கரைப்பானை ஏப்ரல், மே மாதங்களில் தவிர்ப்பது நல்லது. டைஎத்தில் ஈதரின் கொதிநிலை 34.6 டிகிரி, நம் மதிய வெயிலில் தொட்டிக்குள்ளேயே விகிதம் மாறி, காலையில் ஓடிய புள்ளி மாலையில் வேறு உயரத்தில் நிற்கும்.

சாறெடுக்காமல் உயிருள்ள செல்லிலேயே பார்க்கும் சாயங்கள் வேறு வகை. அவை அளவைச் சொல்வதைவிடச் சவ்வின் நெருக்கத்தையும் இடத்தையும் சொல்கின்றன. லார்டான் என்ற சாயம் நெருக்கமான சவ்வில் 440 நேனோமீட்டரிலும் தளர்ந்த சவ்வில் 490-லும் ஒளிரும். 440-இன் ஒளிச்செறிவிலிருந்து 490-இன் ஒளிச்செறிவைக் கழித்து, இரண்டின் கூட்டால் வகுத்தால் ஜி.பி. எண் கிடைக்கும். இதற்கு 405 லேசர் வேண்டும். 488 மட்டும் உள்ள சைட்டோமீட்டர் என்றால் டை-4-ஏ.என்.இ.பி.பி.டி.ஹெச்.கியூ. சாயத்தை எடுங்கள். எதுவானாலும் சீரம் இல்லாத கரைசலில் சாயமேற்ற வேண்டும், இல்லையேல் ஆல்புமின் சாயத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஜி.பி. எண் வெப்பத்துக்கு உடனே அசையும்: சூடு ஏற ஏற இறங்கும். காலையில் 24 டிகிரி ஏ.சி.-யில் படித்த மாதிரியையும், மின்சாரம் போய் அறை 32 டிகிரியான பிறகு படித்த மாதிரியையும் ஒரே அட்டவணையில் போடக் கூடாது. ஒவ்வொரு ஓட்டத்திலும் மீதைல் பீட்டா சைக்ளோடெக்ஸ்ட்ரினில் 5 முதல் 10 மில்லிமோலார் அளவில் 15 நிமிடம் வைத்துக் கொலஸ்ட்ராலை உருவிய செல்களையும் ஒரு ட்யூபில் வையுங்கள். அதில் ஜி.பி. இறங்காவிட்டால் அன்றைய அளவீடு எதுவும் செல்லாது.

கொலஸ்ட்ராலோடு ஒட்டி ஒளிரும் ஃபிலிப்பின் சாயம் சவ்வில் துளை போடும் என்பதால் செல்லை 4 சதவீத பாராஃபார்மால்டிஹைடில் நிலைப்படுத்திய பிறகே சேர்க்க வேண்டும். மெத்தனாலில் நிலைப்படுத்தினால் கொலஸ்ட்ராலே கழுவிப் போய்விடும். மி.லி.-க்கு 50 மைக்ரோகிராம், இருட்டில் ஒரு மணி நேரம். புற ஊதா ஒளியில் சில விநாடிகளில் மங்கும். ஒரு இடத்தில் ஃபோகஸ் செய்து, பக்கத்து இடத்தில் படம் எடுங்கள். ஜி.எம்.1-க்குக் காலரா நச்சின் பி அலகு. அது ஐந்து கைகளால் பிடிப்பதால் தானே ஜி.எம்.1-ஐக் கொத்தாகத் திரட்டிவிடும். பாராஃபார்மால்டிஹைடு புரதத்தைத்தான் கட்டும், லிப்பிடைக் கட்டாது. நிலைப்படுத்திய செல்லிலும் இந்தத் திரட்டல் நடக்கும். படத்தில் தெரியும் திட்டுகளை ராஃப்ட் (சவ்வில் இயல்பாகவே அமைந்த லிப்பிட் திட்டு) என்று எழுதும் முன் இதை நினைவில் வையுங்கள். செறிவை அளக்க மட்டும் என்றால் ஐஸில் 30 நிமிடம் சாயமேற்றி ஃப்ளோவில் பார்ப்பது நம்பகமானது. ஃப்யூக்கோஸ் ஏறிய சில கிளைக்கோபுரதங்களையும் இது பிடிக்கும், ஆகவே கிரானுலோசைட்டில் வரும் ஒளியை அப்படியே ஜி.எம்.1 என்று கொள்ள முடியாது. அனெக்சின் வி என்ற புரதத்தை வைத்துப் பாஸ்படிடில்சீரினைப் பார்க்கிறவர்கள், கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் ஈ.டி.டி.ஏ. உள்ள ட்யூபில் எடுத்த ரத்தம் என்றால் நன்றாகக் கழுவிவிட்டு 2.5 மில்லிமோலார் கால்சியத்தில் சாயமேற்ற வேண்டும். கால்சியம் இல்லாமல் அனெக்சின் ஒட்டாது. எந்தச் சாயமானாலும் இறந்த செல் அளவுக்கு மீறி உறிஞ்சும். இறந்த செல்லைப் பிரித்துக் காட்டும் உயிர்ச் சாயம் இல்லாத ஃப்ளோ தரவைப் பார்க்கவே வேண்டியதில்லை.

பெங்களூருக்கு அனுப்பும் மாதிரிகளில், டியூட்டீரியம் ஏற்றிய உள் ஸ்டாண்டர்டை (அளவு தெரிந்த ஒப்பீட்டு லிப்பிடை) சாறெடுப்பதற்கு முன்பே, செல்லின் மேலேயே சேர்த்திருக்க வேண்டும். பின்னால் சேர்த்தால் சாறெடுப்பில் போன இழப்பு தெரியாது. செல்லே இல்லாமல் அதே கரைப்பானில் அதே ட்யூபில் எடுத்த வெற்றுச் சாறு ஒன்றையும் ஒவ்வொரு தொகுதியோடும் அனுப்புங்கள். சாற்றைக் காய்ந்த நிலையில், பழுப்புக் கண்ணாடிக் குப்பியில், ஆர்கான் நிரப்பி மூடி, உலர் பனியில் வையுங்கள். குளோரோஃபார்மில் கரைத்து அனுப்பினால் வழியிலேயே மூடி வழியாக ஆவியாகிச் செறிவு மாறும். உலர் பனிப் பெட்டியைக் காற்றுப் புகாமல் ஒட்டிவிடாதீர்கள், கார் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கியே வையுங்கள். கரியமில வாயு காருக்குள் நிறைந்தால் ஓட்டுநருக்கு ஆபத்து.

முடிவு எக்செல் கோப்பாக வந்ததும் முதலில் வெற்றுச் சாற்றின் பத்தியைத் திறந்து பாருங்கள். நிறை எண் (m/z) 391.28 தாலேட், 338.34 எருக்கமைடு, 282.28 ஓலியமைடு: மூன்றும் பிளாஸ்டிக்கின் கையெழுத்து. அவை உயர்ந்து நின்றால் உங்கள் வரிசையில் எங்கோ பிளாஸ்டிக் புகுந்திருக்கிறது. அடுத்து நிறை எண் 184.07 உள்ள துணுக்கை வைத்துக் கணக்கிட்ட பட்டியலைப் பாருங்கள். பாஸ்படிடில்கோலினும் ஸ்பிங்கோமைலினும் அதே துணுக்கைத்தான் தரும். இரண்டும் பிரித்துக் காட்டப்பட்டிருக்கிறதா என்று கருவி இயக்குநரிடம் கேளுங்கள். பிறகு ஒவ்வொரு மாதிரியிலும் உள் ஸ்டாண்டர்டின் சிகரம். ஒரே தொகுதிக்குள் அது 20 சதவீதத்துக்கு மேல் விலகியிருந்தால் அந்த மாதிரியைத் திருத்தக் காரணி போட்டுச் சரிக்கட்டாதீர்கள்; மைனஸ் 80-இல் வைத்த பாதி பெல்லட்டை எடுத்து, மறுபடி சாறெடுத்து அனுப்புங்கள்.